ஜீனோவின் வாரிசு யார்?

சென்ற ஆண்டு எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருக்கும் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அங்கே ஒரு மாதிரியைச் செய்து வைத்திருந்தாள். தெர்மோகோலில் ஒரு கைபேசிக் கோபுரம். அதன் அடியில் களிமண்ணால் ஆன சிட்டுக்குருவிகள் மல்லாந்து கிடந்தன. பக்கத்து அட்டையில், கோபுரத்தின் கதிர்கள் குருவிகளின் உயிர்ச்சக்தியை உறிஞ்சிவிடுகின்றன என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். கீழே 'ஆதாரம்' என்ற தலைப்பு. அதில் ஒரே ஒரு வரி: 2.0 திரைப்படம்.

"சினிமாவை எப்படியம்மா ஆதாரமாகக் காட்டுவது?" என்று கேட்டேன்.

"சிட்டி படமுங்க தாத்தா. அது சுஜாதா கதைதானுங்களே? அவரு சயின்ஸைத் தப்பா எழுத மாட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க!"

பதில் சொல்ல வாய் வரவில்லை. சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27ஆம் தேதி. 2.0 வெளியானது 2018 நவம்பர் 29ஆம் தேதி. இடையில் பத்தரை ஆண்டுகளுக்கும் மேல். தாம் எழுதாத ஒன்றுக்கு அந்த மனிதர் ஒரு பள்ளிக்கூட அட்டையில் ஜாமீன் நின்றுகொண்டிருந்தார். பிழை அந்தப் பெண்ணுடையது என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியர் போன பிறகும் அவருடைய கதைமாந்தர்கள் நடமாடும்போது, அவர் சம்பாதித்த நம்பிக்கையும் கூடவே நடமாடுகிறது. அந்த நம்பிக்கையைப் பின்னால் வந்தவர்கள் எப்படிச் செலவு செய்தார்கள் என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்குவது நமக்குப் புதிதல்ல. கம்பர் ஆறு காண்டங்களோடு நிறுத்தினார். உத்தர காண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1954 டிசம்பரில் கல்கி காலமானபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்தி முடித்துவைத்தார். 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். சரித்திர நாவலைத் தொடர்பவருக்கு ஒரு பிடிமானம் உண்டு. கல்வெட்டும் செப்பேடும் கல்கிக்கும் பொது, விக்கிரமனுக்கும் பொது. விஞ்ஞானக் கதையைத் தொடர்பவருக்கு அப்படி என்ன பிடிமானம்? இயற்கையின் விதிகள் என்று சொல்லலாம். ஆனால் விஞ்ஞானக் கதை என்பதே ஏதாவது ஒரு விதியைக் கொஞ்சம் வளைத்துப் பார்ப்பதுதானே? எவ்வளவு வளைப்பது, வளைத்ததை வாசகரிடம் எப்படி ஒப்புக்கொள்வது, அதன் விளைவை எவ்வளவு நேர்மையாகத் தொடர்ந்து போவது என்பதில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எஸ். ரங்கராஜன் என்ற சுஜாதாவின் ஒழுங்கு எது என்று பார்த்தால், நம் கேள்விக்கு வழி கிடைக்கும்.

அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய பொறியாளர் என்பதும், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது 'என் இனிய இயந்திரா'. நம்முடைய இந்த 2020களில் நடப்பதாக அவர் கற்பனை செய்த கதை அது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறுவதற்குக் கூட அரசாங்க அனுமதி வேண்டும். நிலா என்ற இளம்பெண்ணின் கணவன் காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறது ஜீனோ என்னும் இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், போகப்போகத் தன் எஜமானர்களைவிடத் தெளிவாகச் சிந்திக்கும். கதையைப் படிக்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள். எல்லாரும் அஞ்சி நடுங்கும் அந்த ஜீவா, ரத்தமும் சதையும் உள்ள ஆளே அல்ல, வெறும் ஹோலோகிராம்.

ஹோலோகிராம் அன்று கட்டுக்கதையல்ல. அதைக் கண்டுபிடித்ததற்காக டென்னிஸ் காபர் 1971இலேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார். சுஜாதா செய்தது ஒன்றுதான்: இருக்கும் நுட்பம் இன்னும் மிகவும் தேர்ச்சி பெற்றால் என்ன ஆகும், ஓர் ஆட்சியையே பிம்பத்தை வைத்து நடத்த முடியுமா என்று கேட்டார். ஜீனோ விஷயத்திலும் ஒரே ஒரு கேள்விதான்: கட்டளைக்குப் பணியச் செய்த பொம்மை சொந்தமாக யோசிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும்? 'மீண்டும் ஜீனோ'விலும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

இனி சிட்டிக்கு வருவோம். இயக்குநர் ஷங்கருக்கும் சுஜாதாவுக்கும் இருந்த கூட்டு நீண்டது. 'இந்தியன்' (1996), 'முதல்வன்' (1999), 'பாய்ஸ்' (2003), 'அந்நியன்' (2005), 'சிவாஜி' (2007) என்று வரிசையாகச் சொல்லலாம். 'எந்திர'னுக்கும் அவரே வசனம் எழுதத் தொடங்கினார்; முடிந்த படத்தை அவர் பார்க்கவில்லை. 2010 அக்டோபர் 1ஆம் தேதி படம் வந்தபோது வசனம் என்ற இடத்தில் சுஜாதாவோடு ஷங்கர், கார்க்கி ஆகியோரின் பெயர்களும் இருந்தன. கார்க்கி கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 'எந்திரன்' விட்டுப்போன வேலையை முடித்துக் கொடுத்த வகை, 'அமரதாரா'வைப் போல. பாட்டு, சண்டை, ரயில் மேல் ஓட்டம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பாருங்கள், உள்ளே ஜீனோவின் கேள்வி அப்படியே இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் பேராசிரியர் போரா கத்தியைக் கொடுத்துக் குத்தச் சொன்னதும், தன்னைப் படைத்தவர் மீதே சிட்டி கை ஓங்குகிறது. கட்டளைக்கும் நியாயத்துக்கும் வேற்றுமை தெரியாத இயந்திரம் ஆபத்தானது என்று வாயால் சொல்லாமல் காட்டிவிட்டார்கள். பிறகு தீ விபத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணை உடையின்றியே ஊர் நடுவே தூக்கிக்கொண்டு வருகிறது சிட்டி. உயிரைக் காப்பாற்றிவிட்டது, மானம் என்ற ஒன்று அதன் கணக்கில் இல்லை. அந்தப் பெண்ணின் முடிவைப் பார்த்த பிறகு, இயந்திரத்துக்கு உணர்ச்சியைக் கொடுக்கலாமா என்ற கேள்வி தானாக எழுகிறது. கொடுத்ததும் காதல் வருகிறது, பொறாமை வருகிறது, பொய் வருகிறது. ஒன்றன்பின் ஒன்றாக, சூத்திரம் போலத் தொடர்கிறது. கடைசியில் 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகம். உன்னை ஏன் கழற்றிவைத்தார்கள் என்று கேட்கும் சிறுமிக்கு, தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதுதான் காரணம் என்கிறது சிட்டியின் தலை. தமிழ்ப் படங்களில் விஞ்ஞானத்துக்கு அவ்வளவு மரியாதையான முடிவு வேறு எதிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

(சேலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு 1952இல் அவர்கள் ஹாலிவுட்காரர்களோடு கூட்டாக எடுத்த 'காடு' நினைவுக்கு வரும். நம் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி, பனியுக மாமத் என்று காட்டினார்கள்! வெப்பமண்டலக் காட்டில் மாமத் எப்படி என்று கேட்காமல் ஜனங்கள் பார்த்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அந்தப் படம் யாருடைய விஞ்ஞான நற்பெயரையும் கடன் வாங்கவில்லை.)

2.0 அடுத்த வகை. முடிந்த கதையின் மேல் புதிதாக எழுப்பிய மாடி. வசனத்துக்கு ஜெயமோகன் வந்தார். விஞ்ஞானக் கதை அறியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது; 'விசும்பு' என்ற தொகுதியே போட்டவர். கதை ஷங்கருடையது, சிட்டியின் மீது அவருக்குள்ள உரிமையையும் யாரும் மறுக்கவில்லை. படத்தில் நல்லவை இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கைபேசிகள் சேர்ந்து ஒரு ராட்சதப் பறவையாக எழுந்து நிற்கும் காட்சி, எட்டு ஆண்டு கழித்தும் கண்ணில் நிற்கிறது. பறவையியலாளர் பக்ஷிராஜனின் துயரம் உண்மையானது. ஒரு முதியவர் அலுவலகம் அலுவலகமாக மனுக் கொடுத்து, எங்கும் செவி சாய்க்கப்படாமல், கடைசியில் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கும் பகுதியைப் பார்த்து நான் கண் கலங்கினேன்.

ஆனால் சிட்டியின் கேள்வி எங்கே? சிந்திக்கத் தொடங்கியதற்காகக் கழற்றப்பட்ட இயந்திரத்தை மறுபடி பூட்டும்போது, அது என்ன நினைத்தது? கழற்றியவர்களைப் பற்றி அதற்கு என்ன அபிப்பிராயம்? இரண்டரை மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை. சிட்டி இங்கே ஒரு பயில்வான், அவ்வளவே. இன்னொன்று கவனித்தீர்களா? இதில் ஒரு பெண் ரோபோ வருகிறது, பெயர் நிலா. சுஜாதாவின் நிலா, ஓர் இயந்திர நாயிடமிருந்து தைரியம் கற்றுக்கொள்ளும் மனுஷி. பெயர் மட்டும் வந்து சேர்ந்தது; மனுஷி வரவில்லை.

இதைக்கூட ரசனை வேற்றுமை என்று விட்டுவிடலாம். விஞ்ஞானப் பகுதியை விட முடியாது. பக்ஷிராஜனின் உயிரும் செத்த பறவைகளின் உயிர்களும் 'ஆரா' என்ற ஒளிவட்டமாகச் சேர்ந்து கைபேசிகளை ஆட்டிவைப்பதாகவும், அது எதிர்மறை ஆற்றல் என்றும், நேர்மறை போட்டான்களைக் கொண்டு அதை அடக்கலாம் என்றும் விளக்குகிறார் டாக்டர் வசீகரன். ஒளியின் துகளான போட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது. நேர், எதிர் என்று அதில் இரண்டு சாதியும் கிடையாது. ஆராவைப் படம் பிடிப்பதாகச் சொல்லப்படும் முறை, 1939இல் சோவியத் நாட்டில் கிர்லியன் என்பவர் கண்ட ஒன்று. உயர் மின்னழுத்தம் கொடுக்கும்போது பொருளைச் சுற்றியுள்ள காற்று மின்னிறக்கத்தால் ஒளிர்கிறது; ஈரப்பதம் மாறினால் படமும் மாறும். உயிரே இல்லாத ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தாலும் அந்த ஒளிவட்டம் விழும்!

கைபேசிக் கோபுரத்துக்கு வருவோம். ஒரு ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள அலையில் ஒரு போட்டானின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் பத்து லட்சத்தில் நான்கு பங்குதான். உயிரணுவிலுள்ள வேதிப் பிணைப்பை உடைக்க மூன்று நான்கு எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. மரத்தடியில் விழும் பச்சை ஒளியின் போட்டான் கோபுரத்தின் போட்டானைவிட ஐந்து லட்சம் மடங்குக்கும் மேல் வலுவானது. இதனால் கோபுரங்களைப் பற்றி எந்த ஆராய்ச்சியும் வேண்டாம் என்று ஆகாது. வலுவான அலைகள் திசுக்களைச் சூடாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011இல் ரேடியோ அலைகளைச் சந்தேகத்துக்குரியவை என்ற 2பி பட்டியலில் வைத்தது. இந்தியா 2012 செப்டம்பர் முதல் தன் வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இவையெல்லாம் எச்சரிக்கைகள். குருவிகள் கதிர்பட்டுச் செத்து விழுகின்றன என்பது வேறு பேச்சு. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் பார்த்தால் அதன் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையாக இருப்பதாகக் கண்டது. குஞ்சுகளுக்குப் பூச்சி இல்லை, கூடு கட்ட ஓட்டுச் சரிவும் சுவர்ப் பொந்தும் இல்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியவை இவை. எங்கள் ஃபேர்லேண்ட்ஸில் ஓட்டு வீடுகள் போய் மாடிகள் வந்த பிறகு குருவியைக் காண்பது அரிதாகிவிட்டது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் தானிய மூட்டை இறக்கும் இடத்தில், கோபுரங்களின் கண்ணெதிரிலேயே, அவை கூட்டமாகக் கொத்துவதைப் பார்க்கிறேன். இது நிரூபணமல்ல, ஒரு கிழவரின் சாட்சியம் மட்டுமே.

படம் வெளிவருமுன் கைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் செய்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கற்பனைக்குத் தடை கேட்பவர்கள் வியாபாரிகளாக இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகிறது. என் வழக்கு வேறு. ஆவியை வைத்துக் கதை எழுதக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. சுஜாதாவே எழுதியிருக்கிறார். 'கொலையுதிர் கால'த்தில் நடக்கும் பயங்கரங்களுக்கு கணேஷ் ஒரு விஞ்ஞான விளக்கம் தருகிறான். லேசரும் ஹோலோகிராமும் அதில் வருகின்றன. வசந்துக்கு அது போதவில்லை. இரண்டில் எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். பேயைப் பேய் என்றும் லேசரை லேசர் என்றும் அவரவர் பெயரிலேயே நிறுத்தி, எடை போடும் தராசை உங்கள் கையில் கொடுக்கிறார். 2.0இல் பேய் வருகிறது. ஆனால் விஞ்ஞானியின் வாயாலேயே அதற்குப் போட்டான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தராசு பிடுங்கப்பட்டது. அந்த மாணவியின் அட்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இதில் எனக்கு இன்னும் வருத்தம் தருவது, உண்மையான விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014இல் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ராபின் என்ற சிறு பறவை பூமியின் காந்தப் புலத்தைக் கொண்டு வலசைத் திசை அறியும். பல்கலைக்கழக வளாகத்து மரக் கொட்டகைகளில் வைத்தபோது அவற்றுக்குத் திசை தெரியவில்லை. கொட்டகையைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துத் தரையோடு இணைத்ததும் தெரிந்துவிட்டது! நகரத்தின் மின்காந்த இரைச்சல்தான் அவற்றைக் குழப்பியது. ஆனால் குற்றவாளி கைபேசி அலை அல்ல. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மிக மெல்லிய இரைச்சல். நம் வானொலியின் மத்திய அலை வரிசை இருக்கும் இடம், பலவகை மின்கருவிகள் சிந்தும் கசிவு. கைபேசியைப் பழிவாங்கப் புறப்பட்ட பக்ஷிராஜனுக்கு, தன் வீட்டு வானொலிப் பெட்டியே குழப்பத்தின் பங்காளி என்று தெரியவந்தால்? அதைச் சிட்டிதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தால், துயரத்தில் மூழ்கிய மனிதரிடம் ஓர் இயந்திரம் அதை எப்படிச் சொல்லும்? ஜீனோவின் கேள்வி மறுபடி உயிர் பெற்றிருக்கும்.

மறைந்தவரின் கதையைத் தொடர்வதில் மற்ற நாட்டாரும் இடறியிருக்கிறார்கள். ஐசக் அசிமோவ் 1992இல் காலமான பிறகு, அவருடைய 'ஃபவுண்டேஷன்' வரிசையில் மூன்று புதிய நாவல்களை மூவர் எழுதினார்கள்: கிரெகரி பென்ஃபோர்ட் (1997), கிரெக் பேர் (1998), டேவிட் பிரின் (1999). பென்ஃபோர்ட் இயற்பியல் பேராசிரியர். பிரின்னும் விண்வெளி இயற்பியலில் பட்டம் பெற்றவர். வால்டேரையும் ஜோன் ஆஃப் ஆர்க்கையும் கணிப்பொறியில் எழுப்பிப் பக்கம் பக்கமாகப் பேசவிட்டதைப் பல வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. நானும் அந்தப் பக்கங்களில் தூங்கியிருக்கிறேன். ஆனாலும் அசிமோவின் மூலக்கேள்வியை, அதாவது மனிதகுலத்தின் எதிர்காலத்தைக் கணக்கிட முடியுமா, முடிந்தால் அதை ஆளும் உரிமை யாருக்கு என்பதை, மூவரும் கைவிடவில்லை. வங்காளத்தில் சத்யஜித் ராய் அதே 1992இல் மறைந்தபோது, பேராசிரியர் ஷோங்குவின் கதைகள் இரண்டு பாதியில் நின்றன. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க் தாமே வழி செய்துகொண்டார். உடல் தளர்ந்தபோது தம் குறிப்புகளை ஃபிரெடெரிக் போலிடம் ஒப்படைத்தார். முடித்த பிரதியைப் பார்த்துவிட்டுச் சில நாட்களில், 2008 மார்ச் 19ஆம் தேதி கண்மூடினார். அந்த நாவலின் கதாநாயகன் ரஞ்சித் சுப்பிரமணியன் என்ற இலங்கைத் தமிழ் இளைஞன் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

ஜீனோவை யாராவது எழுத வேண்டும் என்று பல வாசகர்கள் ஆசைப்படுகிறார்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை உரிமை வாரிசுகளுடையது. சுஜாதாவுக்கு அது 2068 இறுதியில்தான் தீரும். இன்று புத்தகங்களையெல்லாம் விழுங்கிவிட்டு மனிதரோடு பேசும் கணிப்பொறி நிரல்கள் வந்துவிட்டன. படிக்கும் நாய் பாதி உண்மையாகிவிட்ட நிலையில், அடுத்த ஜீனோ கதைக்கு இதைவிட நல்ல நேரம் வராது. உரிமை பெற்று யார் எழுதினாலும் வாங்கிப் படிப்பேன். முதலில் பார்ப்பது, எந்த ஒரு விதியை வளைத்திருக்கிறார், அதை எந்தப் பக்கத்தில் ஒப்புக்கொள்கிறார் என்பதைத்தான்.

கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி வீட்டுக்கு வந்தாள். ராபின் பறவை விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கிழங்கு மூட்டைகளை எண்ணும் இயந்திரம், ஒரு நாள் கூலிக்கணக்கில் உள்ள தவறையும் எண்ணிவிடுகிறது. முதலாளியிடம் சொல்வதா, கூலிக்காரர்களிடம் சொல்வதா என்று அதற்குக் குழப்பம். "ஜீனோன்னு பேர் வெக்கலாமுங்களா தாத்தா?" என்றாள். நோட்டுக்குள் இருக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள், அச்சுக்குப் போனால் வேறு பெயர் வேண்டும் என்றேன். மூன்றாவது பக்கத்தில் அந்த இயந்திரம் அகச்சிவப்புக் கதிரால் இரும்புக் கதவுக்கு அப்பால் இருப்பதைப் பார்த்துவிடுவதாக எழுதியிருந்தாள். அது முடியாது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கதவில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்வதாகச் சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.